சோலைக்கிளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான சோலைகளில், தரையை ஒட்டி நடமாடும் ஒரு சின்ன நீலப் பறவை சோலைக்கிளி. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பறவை பார்க்கப் போகிறவர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

சோலைக்கிளி என்றால் கிளி வகையா?

இல்லை. பச்சை நிறத்தையும் வளைந்த அலகையும் தேடாதீர்கள். ஈப்பிடிப்பான்கள், கருஞ்சிட்டு, குண்டுகரிச்சான் எல்லாம் அடங்கிய பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது இது.

பார்க்க எப்படி இருக்கும்?

சுமார் 15 சென்டிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட சிட்டுக்குருவி அளவு. ஆனால் உடல்வாகு வேறு. கால்கள் நீளம், சிறகுகள் குட்டையாக, வட்டமாக இருக்கும். தலை, முதுகு, தொண்டை, மார்பு எல்லாம் கரும்பலகைச் சாம்பல் கலந்த நீலம். வயிற்றின் நடுப்பகுதி வெள்ளை. கண்ணுக்கும் அலகுக்கும் இடையே கறுப்பு, அதற்கு மேலே நெற்றியோரம் வெளிறிய புருவம்.

புத்தகப் படத்தில் நீலம் பளிச்சென்று இருக்கும். சோலைக்குள் அப்படித் தெரியாது. அங்கே வெளிச்சம் குறைவு. முதல் பார்வைக்குக் கறுப்புக் குருவி ஒன்று வேருக்கு மேல் துள்ளிப் போவதாகத்தான் படும். அது ஒரு வெளிச்சத் திட்டில் வந்து நிற்கும்போதுதான் நீலம் தெரியும்.

மொத்தம் எத்தனை வகை?

இரண்டு என்பாரும் உண்டு, மூன்று என்பாரும் உண்டு. எல்லோரும் ஒப்புக்கொள்கிற இரண்டு: நீலகிரி சோலைக்கிளி (ஷோலிகோலா மேஜர்), வெண்வயிற்றுச் சோலைக்கிளி (ஷோலிகோலா அல்பிவென்ட்ரிஸ்). மூன்றாவது, அகத்தியமலைப் பகுதியில் வாழும் அசம்பு சோலைக்கிளி (ஷோலிகோலா அசம்புவென்சிஸ்). இது 2017இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. சிலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். சில உலகப் பட்டியல்கள் அதை வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் துணையினமாகவே வைத்திருக்கின்றன. உங்கள் செயலியில் ஒரு பெயரும் நண்பரின் புத்தகத்தில் வேறு பெயரும் இருந்தால் இதுதான் காரணம்.

ஒன்றிலிருந்து ஒன்றை எப்படிப் பிரித்து அறிவது?

முதலில் நீங்கள் எந்த மலையில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பாதிக்கு மேல் வேலை அதிலேயே முடிந்துவிடும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, அதாவது நீலகிரியிலும் அதையொட்டிய வயநாடு, தென் கர்நாடக மலையுச்சிகளிலும் இருப்பது நீலகிரி சோலைக்கிளி மட்டும்தான். கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, மூணாறு, பழனி மலை, மேகமலை வரை வெண்வயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டித் தெற்கே போனால் அசம்பு சோலைக்கிளி. இந்த எல்லைகளில் ஒன்றோடொன்று கலந்து வாழும் இடம் எதுவும் இல்லை.

நிறத்தை வைத்துப் பார்த்தால், நீலகிரிப் பறவைக்கு விலாவும் வாலடியும் செம்பழுப்பு. வெண்வயிற்றுப் பறவைக்கு விலாவும் நீலச் சாம்பல்தான், செம்பழுப்பு அறவே கிடையாது; வெள்ளை வயிற்றில் மட்டும்தான். புருவத்திலும் வித்தியாசம் உண்டு. தெற்கே உள்ளதற்குப் புருவம் தெளிவாக வெளுத்திருக்கும், நீலகிரிப் பறவைக்கு அது மங்கிக் கரைந்தாற்போல இருக்கும். ஆனால் புருவத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். வெளிச்சம் விழும் கோணத்தில் அது மாறி மாறித் தெரியும். விலா நிறம் ஏமாற்றாது.

வெண்வயிற்றுப் பறவையையும் அசம்புப் பறவையையும் காட்டில் நின்று நிறத்தை வைத்துப் பிரிக்க முயல்வது வீண் வேலை. அவை பிரிக்கப்பட்டது முக்கியமாக மரபணு ஆய்வின் அடிப்படையில். அங்கே மலையின் பெயர்தான் ஒரே வழி.

ஒரு கணவாய் எப்படிப் பறவையைப் பிரிக்கும்? பறந்து வர முடியாதா?

சிறகு இருக்கிறது, மனம்தான் இல்லை என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். உண்மையான காரணம் அதன் வாழிடம். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்நிலம். அந்தப் பக்கம் நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், இந்தப் பக்கம் ஆனைமுடி 2,695 மீட்டர். நடுவில் உள்ள நிலமோ கோயம்புத்தூர், பாலக்காடு என்று சமவெளி மாதிரியே கிடக்கிறது. வெயில், வயல், தென்னந்தோப்பு. குளிர்ந்த ஈரச் சோலையின் அடிநிழலை விட்டு வெளியே வரத் தயங்கும் பறவைக்கு இது கடலைக் கடப்பதற்குச் சமம். இப்படிப்பட்ட மலையுச்சிகளை ஆய்வாளர்கள் வான் தீவுகள் என்கிறார்கள். தனித்தனித் தீவுகளில் சிக்கிய உயிர்கள் காலப்போக்கில் வேறு வேறு இனமாவது போலவே இங்கேயும் நடந்திருக்கிறது.

செங்கோட்டைக் கணவாய் இதைவிடக் குறுகியது. ஆனாலும் சோலைக்கிளியின் மரபணுவில் அதன் தடமும் பதிந்திருக்கிறது. அசம்புப் பறவையைத் தனி இனம் என்று சொல்வதற்கு அடிப்படை அதுதான்.

சோலை என்றால் எந்த மாதிரிக் காடு?

பொதுவாகத் தமிழில் எந்தப் பசுந்தோப்பையும் சோலை என்று சொல்லிவிடுவோம். இங்கே பேசுவது உயர்மலைச் சோலையை. அவலாஞ்சி, முக்குருத்தி, இரவிகுளம் பக்கம் போனவர்களுக்குக் காட்சி பழகியிருக்கும்: அலை அலையாகப் புல்மேடுகள், அவற்றின் மடிப்புகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் மட்டும் கருமையாக அடர்ந்த குட்டைக் காடு. மரங்கள் ஓங்கி வளராது. தலைகள் ஒன்றோடொன்று நெருங்கிக் குடை போல மூடியிருக்கும். கிளையெல்லாம் பாசியும் மரப்பூஞ்சையும் ஆர்க்கிட்டும் தொங்கும். நாவல் இனங்கள், சண்பகம், காட்டு இலவங்கம் இவையெல்லாம் மரங்கள்; ஓரத்தில் சிவப்புப் பூ பூக்கும் ரோடோடென்ட்ரான்; அடியில் குறிஞ்சிச் செடி இனங்கள் ஆளுயரப் புதராக நிற்கும்.

சோலைக்கிளிக்கு வேண்டியது இந்த அடிப்பகுதி. உதிர்ந்த இலை மக்கிய ஈரத் தரை, விழுந்து கிடக்கும் பாசி பிடித்த மரம், குறிஞ்சிப் புதர், பக்கத்தில் ஒரு ஓடை. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரைதான் அதன் உலகம். தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

அதே நேரம் இது காட்டின் ஆழத்தில் மட்டும் ஒளிந்து கிடக்கிற பறவையும் அல்ல. விடியலிலும் அந்தியிலும் சோலையின் ஓரத்துக்கு, ஒற்றையடிப் பாதைக்கு, சில இடங்களில் சோலையை ஒட்டிய வீட்டுத் தோட்டத்துக்குக்கூட வந்துவிடும்.

எவ்வளவு உயரத்தில் இருக்கும்?

சுமார் 1,000 மீட்டருக்கு மேல் இருக்க வாய்ப்பு உண்டு. நன்றாகப் பார்க்கக் கிடைப்பது 1,500 மீட்டருக்கு மேலே. மேட்டுப்பாளையத்தில் தேட வேண்டாம்.

என்ன சாப்பிடும்?

பூச்சிகள்தான் பிரதானம். இலைச்சருகைத் தாவித் தாவிப் புரட்டி எடுக்கும். இடையிடையே சிறு பழங்களும் உண்டு.

கூடு எங்கே கட்டும்?

மரப்பொந்திலோ, ஓடைக்கரை அல்லது பாதையோர மண்மேட்டின் குழிவிலோ, தரையிலிருந்து அதிக உயரமில்லாமல். பாசியும் மெல்லிய வேர்களும்தான் கட்டுமானப் பொருள். வழக்கமாக இரண்டு முட்டை. கோடை மழையிலிருந்து பருவமழை வலுக்கும் வரையான காலம் இனப்பெருக்கத்துக்கு உகந்தது. பாதையோர மண்மேட்டை மண்வெட்டி வைத்துச் சீர்செய்கிறவர்கள் அந்த மாதங்களில் கொஞ்சம் பார்த்து வெட்டினால் நல்லது.

ஆண், பெண் வித்தியாசம் தெரியுமா?

தெரியாது. இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஆய்வாளர்களே பறவையைப் பிடித்து அளவெடுத்தும் மரபணு பார்த்தும்தான் பிரித்தார்கள். குஞ்சு மட்டும் வேறு மாதிரி: பழுப்பு நிறத்தில் வெளிறிய கீற்றுகளோடு இருக்கும். மே, ஜூன் வாக்கில் நீலப் பறவையின் பின்னால் ஒரு புள்ளிக் குருவி திரிந்தால் புது இனம் என்று குதிக்க வேண்டாம்.

பாட்டு எப்படி இருக்கும்?

நல்ல பாடகன் என்றே சொல்லலாம். மெல்லிய விசில் ஒலிகளும் நடுநடுவே கரகரப்பான சுரங்களும் கலந்து நீண்ட கோவையாக வரும். மலையுச்சிக்கு மலையுச்சி பாட்டு மாறுகிறது. பெரிய கணவாய்களுக்கு இரு புறமும் மாறுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் கடந்த நூற்றாண்டு, ஒன்றரை நூற்றாண்டில் மனிதர் காட்டை அழித்ததால் துண்டுபட்ட சோலைகளுக்கு இடையிலும் பாட்டில் வித்தியாசம் தெரிகிறது என்று கண்டிருக்கிறார்கள். பாட்டு கேட்டுக் கற்றுக்கொள்ளப்படுவது. பக்கத்துச் சோலைக்காரனின் குரல் காதில் விழாவிட்டால் இந்தச் சோலை தன் போக்கில் பாட ஆரம்பித்துவிடும். மரம் வெட்டியதன் கணக்கு பறவையின் தொண்டையில் பதிவாகியிருப்பது எனக்கு இந்தப் பறவை பற்றிய விஷயங்களிலேயே மிகவும் வியப்பானது.

ஊட்டியில் விடியற்காலை யாரோ வேலையற்ற பையன் சீட்டியடிப்பது போலக் கேட்டால் அது சோலைக்கிளி அல்ல, சீகாரப் பூங்குருவி. அடுத்த கேள்விக்கு இது உதவும்.

எந்தெந்தப் பறவைகளோடு குழப்பிக்கொள்வார்கள்?

வரிசையாகச் சொல்கிறேன், அதிகம் குழப்புவதிலிருந்து.

இந்திய நீல ராபின். நீலகிரியில் முக்கால்வாசிக் குழப்பம் இதனால்தான். இமயமலையிலிருந்து குளிர்காலத்துக்கு இங்கே வந்து தங்கும் பறவை. இதுவும் சுமார் 15 சென்டிமீட்டர், இதுவும் தரையில் திரியும், ஆணுக்கு மேல்பக்கம் நீலம், கீழ்ப்பக்கம் செம்மஞ்சள். நீலமும் சிவப்பும் பார்த்ததுமே நீலகிரி சோலைக்கிளி என்று எழுதிவிடுகிறார்கள். தொண்டையைப் பாருங்கள். ராபினுக்குத் தொண்டையும் மார்பும் செம்மஞ்சள்; சோலைக்கிளிக்குத் தொண்டையும் மார்பும் நீலம், செம்பழுப்பு விலாவிலிருந்துதான் தொடங்கும். ராபினின் புருவம் சுண்ணாம்பால் கோடு போட்டது போலத் தூய வெள்ளை. பெண் ராபின் பழுப்பு, அதில் குழப்பமே வராது. காலமும் உதவும்: ராபின் குளிர்கால விருந்தாளி என்பதால் மே மாதத்தில் நீங்கள் பார்ப்பது அதுவாக இருக்க வாய்ப்பில்லை. ஜனவரியில் இரண்டும் ஒரே பாதையில் திரியும், அப்போதுதான் கவனம் வேண்டும்.

வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான். பெயரே குழப்பும். தெற்கு மலைகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளி என்று பதிவாகும் தவறுகளில் பல இது. ஆணுக்கு நீல மார்பு, வெளிறிய வயிறு. ஆனால் இது தரையில் துள்ளாது. தாழ்ந்த கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்து பூச்சிக்குக் காத்திருக்கும். கால் குட்டை. பெரும்பாலும் சோலைக்கிளியைவிடத் தாழ்வான காடுகளில் இருக்கும். கூட இருக்கும் பெண்ணுக்குத் தொண்டை செம்மஞ்சள். ஜோடியைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்தது.

நீலகிரி ஈப்பிடிப்பான். ஒரே சோலையில் இரண்டும் இருக்கும், ஆனால் மாடி வேறு. இது மரக்கிளைகளில், சோலை ஓரத்தில், வெளிப்படையாக உட்காரும். நீலம் உடல் முழுக்கப் பரவியிருக்கும். சோலைக்கிளியின் தூய வெள்ளை வயிறு இதற்கில்லை.

சீகாரப் பூங்குருவி. சுமார் 25 சென்டிமீட்டர், மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது. நெற்றியிலும் தோளிலும் மின்னும் நீலத் திட்டு. ஓடைக்கரையில் மங்கல் வெளிச்சத்தில் அளவு பிடிபடாமல் போனால்தான் தடுமாறுவோம்.

கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பானையும் சிலர் சொல்வார்கள். ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பிறகு குழப்பமே வராது.

என்னிடம் உள்ள பழைய புத்தகத்தில் சோலைக்கிளி என்று எதுவுமே இல்லையே?

வேறு பெயரில் இருக்கும். பெயர் மாறிய கதை கொஞ்சம் நீளம். நீலகிரிப் பறவையை 1840களில் விவரித்தவர் டி. சி. ஜெர்டன், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர். பழனி மலைப் பறவையை 1868இல் விவரித்தவர் டபிள்யூ. டி. பிளான்ஃபோர்டு, நிலவியலாளர். இருவரும் பார்த்தது வேறு வேறு பறவைகளை. பின்னால் வந்தவர்கள் இரண்டையும் ஒரே இனத்தின் துணையினங்களாக்கி, இமயமலையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள ஷார்ட்விங் (குட்டைச் சிறகுப் பறவைகள்) கூட்டத்தில் போட்டுவிட்டார்கள். அதனால் 20ஆம் நூற்றாண்டுப் புத்தகங்களில் ரூஃபஸ் பெல்லிட் ஷார்ட்விங் அல்லது ஒயிட் பெல்லிட் ஷார்ட்விங் என்று தேடுங்கள். 2005 வாக்கில் மீண்டும் இரண்டு இனமாகப் பிரித்து மையோமெலா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். நீலகிரி புளூ ராபின் என்று சில வருடம் வழங்கியது அப்போதுதான். 2017இல் ஷோலிகோலா என்ற புதுப் பேரினம் வந்தது.

இதில் நீலகிரி புளூ ராபின் என்ற பெயர்தான் மோசமான குழப்பம். மேலே சொன்ன இந்திய நீல ராபினோடு சேர்த்துப் படித்தால் யாருக்கும் தலை சுற்றும். அது போனது நல்லதுதான்.

அப்படியானால் இதன் உண்மையான உறவினர் யார்?

2017 ஆய்வின் சுவையான பகுதி இது. வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலானோர் அடங்கிய குழு மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தது. சோலைக்கிளி ஷார்ட்விங்கின் உறவு அல்ல, மையோமெலாவின் உறவும் அல்ல. அதன் கிளை நில்டாவா என்ற ஈப்பிடிப்பான் வகைகள், நீல ஈப்பிடிப்பான்கள், நீலகிரி ஈப்பிடிப்பான் ஆகியவை உள்ள பக்கம் இருக்கிறது. அதாவது சமவெளிக் காடுகளிலேயே நாம் பார்க்கிற டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் இதற்கு நெருங்கிய சொந்தம். நீல ராபினும் குண்டுகரிச்சானும் ஒரே குடும்பத்தில் இருந்தாலும் தூரத்துச் சொந்தம்தான்.

அப்படியானால் நூறு வருடத்துக்கு மேல் நிபுணர்கள் ஏன் ஷார்ட்விங் என்றார்கள்? உருவம் ஏமாற்றிவிட்டது. இருண்ட காட்டின் தரையில் நடந்து இரை தேடும் வாழ்க்கைக்கு நீண்ட காலும் குட்டைச் சிறகும் தோதானவை. எந்தப் பறவை அந்தத் தொழிலுக்கு வந்தாலும் மெல்ல அந்த உருவத்துக்கு வந்து சேரும். கிளையில் உட்கார்ந்து ஈப்பிடிக்கும் கூட்டத்திலிருந்து பிரிந்து தரைக்கு இறங்கிய ஒரு கிளை, வேறொரு கூட்டத்தின் உடல்வாகைப் பெற்றுவிட்டது. காலையும் சிறகையும் அளந்து வகைப்படுத்தியவர்கள் அந்த வலையில் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

இதே போல வேறு பறவைகளும் உண்டா?

உண்டு, சிரிப்பான்கள். அதே 2017 ஆய்வில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிரிப்பான்களுக்கும் மாண்டெசிங்க்லா என்ற புதுப் பேரினம் கொடுத்தார்கள். நீலகிரியில் ஒன்று, வயநாட்டுப் பாணாசுரமலைப் பகுதியில் ஒன்று, பழனி-ஆனைமலையில் ஒன்று, அசம்பு மலையில் ஒன்று என்று நான்கு. எல்லைக் கோடுகள் ஏறக்குறைய சோலைக்கிளி மாதிரியே. ஒரு வித்தியாசம், சிரிப்பான்களை நீங்கள் தேட வேண்டாம், அவையே சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். கொடைக்கானல் ஏரிக்கரைப் புதரிலேயே பார்க்கலாம்.

இலங்கை மலைகளில் சோலைக்கிளி உண்டா?

இல்லை. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி ஆகியவை நீலகிரியை ஒத்த மலைக்காடுகள்தான், ஆனால் அங்கே இந்தப் பேரினமே கிடையாது. நீலகிரி ஈப்பிடிப்பானின் இனத்தான் ஒன்று, மங்கிய நீல ஈப்பிடிப்பான், அங்கு மட்டும் இருக்கிறது. அதுபோல இலங்கைக்கே உரிய பூங்குருவியும் உண்டு. இந்திய நீல ராபின் குளிர்காலத்தில் இலங்கை வரை போகும். எனவே அங்கே டிசம்பரில் தரையில் ஒரு நீலப் பறவை துள்ளினால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஏற்காட்டில், கொல்லிமலையில்?

கிடையாது. அவை கிழக்குத் தொடர்ச்சி மலைகள். சோலைக்கிளி மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வந்ததில்லை.

மேகமலை, வால்பாறை?

இரண்டும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, செங்கோட்டைக்கு வடக்கே. எனவே வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் நாடு. வால்பாறை ஊரும் அதைச் சுற்றிய தேயிலையும் அதற்குத் தாழ்வு. மேலே அக்காமலைப் புல்மேட்டுப் பக்கம்தான் அது வாழும் சோலைகள். அங்கே போக வனத்துறை அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது. மேகமலையில் ஹைவேவிஸ் பகுதியின் உயரச் சோலைகளைப் பாருங்கள்.

சாதாரணப் பயணிக்குப் பார்க்க வசதியான இடம் எது?

நீலகிரியில் கோத்தகிரியின் லாங்வுட் சோலை, ஊட்டியின் கெயின் ஹில், தொட்டபெட்டாவின் சோலை ஓரங்கள், அவலாஞ்சி. கொடைக்கானலில் ஊரை ஒட்டிய பாம்பே சோலை, பாம்பார் சோலை. பேரிஜம் போக வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். மூணாறு பக்கம் பாம்பாடும் சோலை. அசம்புப் பறவைக்குக் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் மேல் மலைகள். அது அனுமதி, வழிகாட்டி, அட்டைக்கடி எல்லாம் சேர்ந்த பயணம்.

ஒரே ஒரு இடம் சொல் என்றால் நான் லாங்வுட் சோலையைச் சொல்வேன். நூற்றுச்சொச்சம் எக்டேர்தான், பாதை எளிது, சோலை என்றால் என்ன என்று குழந்தைகளுக்கும் காட்டிவிடலாம்.

எந்த மாதம், எந்த நேரம்?

மார்ச் முதல் ஜூன் தொடக்கம் வரை பாட்டு அதிகம், அதனால் இடம் பிடிக்க எளிது. தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சி பக்கம் போய் பறவை பார்க்கிறேன் என்பது வீம்பு. நேரம், விடிந்ததும் முதல் ஒரு மணி நேரம். விட்டால் மாலை இருட்டும் முன். சத்தமில்லாமல் ஒரு ஓடைப் பாலத்தருகே அரை மணி நேரம் நிற்பது, ஐந்து கிலோமீட்டர் நடப்பதைவிடப் பலன் தரும். பேசிக்கொண்டே நடக்கும் பத்துப் பேர் குழுவோடு போனால் மரத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

எந்த பைனாகுலர், எந்த கேமரா?

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முகவில்லை) போதும். 10 மடங்கு பெருக்கம் இங்கே தேவையில்லை. பறவை பத்துப் பதினைந்தடி தூரத்தில்தான் இருக்கும், உங்களுக்கு வேண்டியது வெளிச்சமும் கிட்டக் குவியமும். கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறன் அளவை) தயங்காமல் ஏற்றுங்கள், படத்தில் மணல் மணலாக வந்தாலும் விலா நிறம் தெரிந்தால் அடையாளத்துக்குப் போதும். ஃபிளாஷ் வேண்டாம்.

பாட்டைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். வரும், அதுதான் பிரச்சினையே. தன் எல்லைக்குள் வேறொருவன் நுழைந்துவிட்டான் என்று நினைத்து இரை தேடுவதை விட்டுச் சண்டைக்கு வரும். கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் எல்லோரும் போகிற சோலை ஒன்றிரண்டுதான்; வார இறுதிக்கு வார இறுதி, குழுவுக்குக் குழு இதைச் செய்தால் அந்தச் சில ஜோடிகள் கூடு வைப்பதெப்போது? பூச்சி வைத்து மேடை போட்டு அழைக்கும் படப்பிடிப்பும் எனக்கு உவப்பானதல்ல, ஆனால் ஒலியை ஒப்பிட்டால் அது சிறிய தீமை.

இது அழிவின் விளிம்பில் உள்ளதா?

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் நீலகிரி சோலைக்கிளி ஆபத்திலுள்ள இனம், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அதற்கு அடுத்த நிலையில், அழிய வாய்ப்புள்ள இனம். போய்ப் பார்த்தால் சோலைக்குள் ஓரளவு இருக்கத்தான் செய்கிறது, பிறகு ஏன் இந்தப் பட்டியல் என்று சிலர் கேட்பார்கள். மொத்தப் பரப்பு குறைவு என்பதுதான் பதில். மலையுச்சியில் மட்டும் வாழும் பறவைக்கு உலக வரைபடத்தில் உள்ள இடம் சில பொட்டுகள். அவற்றையும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து தேயிலை, தைல மரம், வாட்டில் என்ற அயல் மரம், பைன், பிறகு காய்கறித் தோட்டம், விடுதிகள் என்று துண்டு போட்டாயிற்று. துண்டுகளுக்கு இடையே பறவை போய்வர முடியாததை மரபணு ஆய்வும் காட்டுகிறது. மலை சூடானால் தாழ்வில் உள்ள உயிர்கள் மேலே ஏறலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பதற்கு ஏற இடமில்லை.

அப்படியானால் வாட்டிலையும் தைல மரத்தையும் அடியோடு வெட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

மேடையில் பேச எளிது, மலையில் அப்படி இல்லை. அயல் மரங்கள் அதிகம் விழுங்கியது சோலையை அல்ல, புல்வெளியை. பழனி மலையில் 1970களிலிருந்து நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு உயர்மலைப் புல்வெளி போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. எனவே புல்வெளியில் புதிதாக முளைக்கும் வாட்டில் கன்றைப் பிடுங்குவது அவசரமான, நல்ல வேலை. ஆனால் சில பழைய வாட்டில் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் முளைத்து வருகின்றன. அங்கே மேல்மரத்தை ஒரே வெட்டாக வெட்டினால் வெயிலேறி, அடியிலிருக்கும் சோலையும் போகும், வாட்டில் விதை மறுபடி ஆயிரமாயிரமாக முளைக்கும். இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம். புல்வெளியில் மரம் நடும் விழாக்களை மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் நிறுத்தலாம்.

பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி குற்றம்.

பார்த்ததைப் பதிவு செய்யும்போது என்ன எழுத வேண்டும்?

இடத்தின் பெயரைச் சோலை அளவில் எழுதுங்கள். 'கொடைக்கானல்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. உயரம், நேரம், தேதி. விலா நிறம், தொண்டை நிறம் இரண்டையும் பார்த்தீர்களா என்று தனித்தனியே குறியுங்கள். பார்க்கவில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். பாட்டு கேட்டால் போனிலேயே ஒரு நிமிடம் பதிந்து இணைத்துவிடுங்கள், சோலைக்குச் சோலை பாட்டு மாறுவதால் அந்தப் பதிவுக்குப் படத்தைவிட மதிப்பு அதிகம். கூட்டைக் கண்டால் இருப்பிடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.